வெயின்ஃப்ளீட், மூன்று பதினெட்டு

சூரியனைப் பார்க்கத்தான் போனோம்.
ஐந்து மாதம் முன்பே பேக்கரியில் லீவு கேட்டு,
இரண்டு ஞாயிறு இரவுகளை ஈடு கொடுத்து
வாங்கிய திங்கட்கிழமை அது.

செல்வகாந்தன் எக்செல் தாளில் எல்லாம் போட்டிருந்தார்:
ஸ்காபரோவில் புறப்படும் நேரம்,
பெட்ரோல் அடிக்கும் இடம்,
போர்ட் கோல்போர்ன் கரையில் நிழல் கால்வைக்கும் விநாடி,
அது தங்கிப்போகும் மூன்று நிமிடம் நாற்பது.
முகிலுக்கென்று ஒரு கட்டம்
அந்தத் தாளில் இல்லை.

ஹமில்டன் தாண்டும்போதே வானம்
பழைய அலுமினியச் சட்டியின் உட்புறம்.
"விலகும்" என்றார்.
செயின்ட் கேத்தரின்ஸில், "விலகும்."
வெல்லண்டில் ஒன்றும் சொல்லவில்லை.
அதன்பிறகு கார்களே அசையவில்லை.
மூன்று ஐந்துக்கு
ஒரு மண்பாதையில் சடாரென்று திருப்பினார்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
இருபத்திமூன்று வருடக் கல்யாணத்தில்
எதைக் கேட்கக்கூடாது என்பது மட்டும்
நன்றாகப் பாடம்.

இறங்கிய இடம், சொல்ல ஒன்றுமில்லாத இடம்.
போன வருடத்துச் சோளத்தின் அடிக்கட்டைகள்,
தண்ணீர் தேங்கிய வாய்க்கால்,
அதற்கப்பால் சேறும் இலையில்லாப் பற்றைகளும்.
உள்ளே வராதே என்றொரு பலகை,
அதில் துப்பாக்கி போட்ட மூன்று ஓட்டைகள்.

நிரோஜன் அட்டைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
அண்ணாந்து பார்த்தான்.
"அம்மா, ஒண்டுமே தெரியேல்லை."
கழற்றிவிட்டுப் பார்த்தான்.
"இப்பவும்தான்."

பிளாஸ்க்கைத் திறந்து
இஞ்சி போட்ட பிளேன்ரீ ஊற்றினேன்.
செல்வகாந்தன் தன்னுடையதை
பொனற்றின்மேல் வைத்துவிட்டு
வானத்தோடு கோபித்துக்கொண்டு
சப்பாத்தைப் பார்த்தபடி நின்றார்.

முதலில் நிறம் போனது.
சோளக்கட்டையின் மஞ்சள்,
என் சால்வையின் சிவப்பு,
மகனின் கன்னம்,
எல்லாவற்றையும் யாரோ தண்ணீரில் அலசி எடுத்தார்கள்.
பிறகு குளிர், கணுக்காலிலிருந்து.
பிறகு தென்மேற்கே
முகிலின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டு
ஒரு கருமை வந்தது.
ஓடி வந்தது.
சத்தம் வருமென்று காதைப் பொத்தினேன்.
சத்தமேயில்லாமல் எங்கள்மேல் ஏறி நின்றது.
கடற்புறாக்கள் வயலைவிட்டு எழும்பி
அவசர அவசரமாய் ஏரிப்பக்கம் போயின,
வீட்டில் அடுப்பை அணைக்க மறந்தவர்கள்போல.

அப்போது வாய்க்காலுக்குள்ளிருந்து
ஒரு விசில்.
ஈரக் கண்ணாடியில் விரல் இழுத்ததுபோல் ஒன்று.
இன்னொன்று.
பத்து. பிறகு எண்ணுவதில் அர்த்தமில்லை.
நகத்தளவுத் தவளைகளாம்,
முதுகில் புள்ளடி போட்டவை;
மகன் இரவு தேடிப் பார்த்துச் சொன்னான்.
அந்த நேரம் அவை தவளைகள் என்றே தெரியாது.
சேறு தானாகக் கத்துகிறது என்றிருந்தேன்.

தலைக்குமேல் பூட்டு.
ஆனால் தரையோரம், நாலு திக்கிலும்,
முகிலுக்கும் மண்ணுக்கும் இடையில்
ஒரு விரற்கடை செம்மஞ்சள்.
எந்தப் பக்கம் திரும்பினாலும் மேற்கு.

பன்னிரண்டு வருடமாய் இருட்டில் வேலைக்குப் போகிறவள் நான்.
இருட்டு எனக்கு பஸ் தரிப்பு,
அட்டை தட்டும் மெஷின்,
மாவு படிந்த கையுறை.
ஒருநாளும் அதற்காக
நின்றதில்லை.

செல்வகாந்தன் விநாடி பார்க்கவில்லை.
அவர் வாய் சற்றே திறந்திருந்தது,
நிரோஜன் பிறந்தபோது திறந்திருந்த அளவுக்கு.

வெளிச்சம் திரும்பி வந்து
பலகையின் எழுத்தை வாசிக்க வைத்தது.
தவளைகள் ஒரே கணத்தில் நின்றன.
ஒன்று மட்டும் நிற்கவில்லை.
வாய்க்காலின் எங்கோ ஓரத்தில்
இரவு முடிந்ததை நம்பாமல்
தன்பாட்டில் கத்திக்கொண்டேயிருந்தது.

"அதுக்கு ஆரும் சொல்லேல்லைப் போல"
என்றார் அவர்.
ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார்.
சாவி கையிலிருந்தது.
அது முடிக்கும்வரை
காரை எடுக்கவில்லை.