மடிப்பு

தேசப்பன் எழுதி அனுப்பியது ஒரே வரி:
மூக்கு நாற்பத்திரண்டு, தொட்டி இருநூற்று ஐம்பத்தைந்து.
போனை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும்.
அதுதான் ஆட்டம்.

மூக்கு என்றால் நகரி மலை மூக்கு.
மல்லாந்து வானத்தை முகர்கிற அந்தப் பாறை
பொதட்டூர்பேட்டையில் எந்தத் தறிக்கொட்டகை வாசலுக்கும் தெரியும்.
தொட்டி எது என்பதில்தான் சண்டை.
நீலமா, வெள்ளையா, தண்ணீரே ஏறாத மூன்றாவதா?
"மேப்பில் இருப்பது ஒன்றுதான்," என்றாள் வசுந்தரா.
மேப் எங்கள் இருவரையும்விட மூத்தது.
அப்போது வெள்ளை மட்டும்தான்.

நூற்றெண்பதை ஒன்றில் கூட்டி, ஒன்றில் கழித்து
மூக்கிலிருந்து ஒரு கோடு,
தொட்டியிலிருந்து ஒரு கோடு.
பென்சில் முனை போய்ச் சேர்ந்த இடத்தில்
காகிதம் இல்லை.
நாலாய் மடித்து மடித்து நைந்த மூலையில்
மிளகளவு ஓட்டை.
அதன் வழியே என் முழங்கால் தெரிந்தது.

தரையில் அது இருநூற்றைம்பது மீட்டர் என்று
கணக்குப் போட்டாள்.
அவ்வளவு பெரிய இல்லாத இடத்துக்குள் நடந்தோம்.

நூறு மீட்டருக்கு என் காலடி நூற்றிருபத்தாறு, அவளுக்கு நூற்று நாற்பது.
மாந்தோப்பு வேலியில் நுழைந்து எழுந்தபோது
இரண்டு எண்ணிக்கையும் போயிருந்தது.
மோட்டார் ஷெட் அருகே முள்
கல்யாண வீட்டில் செருப்பைத் தேடுகிறவள் மாதிரி
அங்குமிங்கும் திரும்பியது.
இரும்புக் கதவு.
தள்ளிப் போய் நின்றோம்,
அதற்கும் எங்களுக்கும் மூச்சு அடங்கும்வரை.

எல்லைக் கல்லைக் கண்டுபிடித்தது என் கால் கட்டைவிரல்.
ஒரு முகத்தில் தேய்ந்த எண்,
மறுமுகத்தில் யாரோ வரட்டி தட்டிய தடம்.
கல்லுக்கும் கள்ளிக்கும் நடுவே
எவர்சில்வர் சம்படம்.

உள்ளே சட்டைப் பொத்தான், புத்தூர் பஸ் டிக்கெட்,
நூல் தீர்ந்த பாபின்,
நாற்பது பக்க நோட்டு.
எங்களுக்கு முன்னால் ஒருவர்தான் வந்திருக்கிறார்.
பிப்ரவரி ஒன்பது. கீழே ஏழு வரி.
தெலுங்கு.

வீட்டில் நாங்கள் பேசுவது அதுதான்.
சீட்டுப் பணம் எண்ணுவதும் திட்டுவதும் அதில்தான்.
எழுத்து மட்டும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.
வசுந்தரா அந்தச் சுழிகளின் மேல் விரல் ஓட்டினாள்,
மேப்பில் மலையின் உயரக் கோடுகளைத் தடவுவதுபோல.
"இது ஏறுதா, இறங்குதா?"

யாராவது வாய்விட்டு வாசித்தால் போதும்,
ஒரு சொல் சிந்தாமல் புரிந்துவிடும்.
கம்பியில் ஒரு கரிச்சான் இருந்தது. அதுவும் பறந்தது.

அடுத்த பக்கத்தில்
தமிழ் எழுத்தில் எழுதினேன்:
மேமு ஒச்சினாமு.
வந்தோம் என்று.
பிப்ரவரிக்காரர் மறுபடி வந்தால்
அவரும் விரலால் தடவட்டும்.

திரும்பும்போது மேப்பைப் பிரிக்கவில்லை.
தறிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தோம், ஊர்தான் என்று.
வெளியே வந்தால் ஏகாம்பரகுப்பம்.
அங்கேயும் தறி ஓடும் என்பது
இருவருக்குமே தோன்றவில்லை.

முதலில் வந்த பஸ்ஸின் போர்டை
கொஞ்ச நேரம் பார்த்து நின்றோம்.
பிறகு கண்டக்டரைக் கேட்டோம்.