மூன்றாவது மாடம்

ஐந்தரைக்கே விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.
சூரியன் எழுவதற்குள் திருட முடிந்தது
முப்பத்தொரு கிலோமீட்டர்.
பிறகு இடப்பக்கம் ஒட்டிக்கொண்டது நிழல்.
என்னைவிட ஒல்லி, என்னைவிட உயரம்,
மேட்டில் அதற்கு மூச்சு வாங்குவதில்லை.

எஸ்த்ரமதுரா.
வளைவுதோறும் லாரிகள் சிந்திப்போன தக்காளி.
நசுங்காத ஒன்றை எடுத்து
கால்சட்டையில் துடைத்துக் கடித்தேன்.
உள்ளே கொதித்தது, ரசம்போல.

இந்த நாட்டுக் கடிகாரங்கள்
சூரியனை முந்திக்கொண்டு ஓடுபவை.
உச்சி இங்கே இரண்டு மணிக்கு மேல்தான்.
அதுவரை ஏறிக்கொண்டே இருக்கும் வெயில்,
இறங்கத் தெரியாத பூனை மாதிரி.
நாற்பத்து மூன்று பாகை
என்றது மருந்துக்கடைப் பலகை.
மருந்துக்கடை மூடியிருந்தது.
ரொட்டிக்கடை மூடியிருந்தது.
மதுக்கடை வாசலில் நாற்காலிகள்
ஒன்றின் மடியில் ஒன்றாக உட்கார்ந்து
சங்கிலியில் தூங்கின.
என் குப்பியில் இரண்டு மடக்குத் தண்ணீர்.
தேயிலை போட்டால் சாயம் இறங்கும்.

மழைநாட்டுக்காரி நான்,
பில்பாவோவில் தபால் பிரிப்பவள்.
தாகத்தை முகவரியாக மட்டுமே அறிந்தவள்.

சைக்கிளில் திரிபவர்களுக்குள் ஒரு சொல் உண்டு:
ஊர் கதவடைத்தால் கல்லறைக்குப் போ,
பூக்களுக்காக அங்கே ஒரு குழாய் இருக்கும்.

இருந்தது.
தலையை அதன் கீழே கொடுத்து
எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ,
"கழுத்துக்குப் பின்னால் விடு" என்றது ஒரு குரல்.

எவேலியா.
கையில் துடைப்பம், இடுப்பில் பாடும் வானொலி.
சுவரில் அடுக்கடுக்காய் மாடங்கள்,
தேன்கூட்டு அறைகள் போல,
அறைக்கு ஒருவர்.
இரண்டாவதில் அவள் கணவன் லெயாந்த்ரோ.
மூன்றாவதில் அவள் பெயர்,
பிறந்த வருடம், ஒரு கோடு,
அப்புறம் வெறும் கல்.

அந்தக் கல்லை நகர்த்தி
தோள்வரை கையை உள்ளே விட்டாள்.
நான் ஓர் அடி பின்வாங்கினேன்.
வெளியே வந்தது
ஒரு முலாம்பழம்.

"ஊரிலேயே குளிர்ச்சியான இடம்.
வருடா வருடம் வரி கட்டுகிறேன்,
சும்மா ஏன் கிடக்க வேண்டும்?"

லெயாந்த்ரோவின் விளிம்பில் வைத்து அறுத்தாள்.
இந்த வெயிலில் தனியாக எதற்கு, என்று கேட்டாள்.
எல்லோரும் கேட்பார்கள் என்று
ஊரிலிருந்தே ஒரு பதில் கட்டி எடுத்து வந்திருந்தேன்.
வாய் நிறையப் பழம்.
விழுங்கி முடிப்பதற்குள்
வானொலியில் வேறு பாட்டு வந்துவிட்டது.
அவளும் திரும்பக் கேட்கவில்லை.

வடக்குச் சுவரின் ஒரு முழ நிழலில்
நானும் வரிசையாகப் படுத்தேன்.
எழுந்தபோது அவள் இல்லை.
ஈரத்துணியில் சுற்றிய பாதிப்பழம்
கைப்பிடியில் தொங்கியது.

ஏழு மணிக்கு மீண்டும் மிதி.
நிழல் வலப்பக்கம் மாறியிருந்தது, மேலும் இளைத்து.
உருகிய தார் டயரை விட மனமில்லாமல் விட்டது.
பழம் ஒன்றரைக் கிலோ.
மிராவெதேஸ் மேட்டில் இரண்டு முறை
தூக்கி எறியப் பார்த்தேன்.
மேட்டைப் பெயர் சொல்லித் திட்டினேன்.
பிறகு மன்னிப்பும் கேட்டேன்,
கேட்க யாருமில்லை என்பதால்
இரண்டையும் சத்தமாக.

இறக்கத்தில் பின்சக்கரம் பெருமூச்சு விட்டது.
நெருஞ்சி.
எந்தக் கண்டமும் அதற்குச் சொந்த ஊர்.
குழாயைக் கழற்றி, காற்றடித்து,
ஈரக் கன்னத்தருகே மெல்லச் சுற்றினேன்.
ஓரிடத்தில் ஊதியது,
குழந்தை ஊதுவதுபோல.
ஒட்டினேன். வெப்பத்தில் பசை நிற்கவில்லை.
மறுபடி ஒட்டினேன்.

பதினொன்றுக்கு ஓக் மரங்களுக்கிடையில் கூடாரம்.
மானியில் நூற்று ஏழு.
துணியை அவிழ்த்துக் கத்தியை இறக்கினால்
ஓரமெல்லாம் வெதுவெதுப்பு,
நடுவில் மட்டும் இன்னும் கொஞ்சம்
அந்த மாடம்.

தோலைக் கேட்டு
இருட்டிலிருந்து ஒரு கருப்புப் பன்றி வந்தது.
கொடுத்தேன்.
இன்னும் இருக்கிறதா என்று
நெடுநேரம் நின்று பார்த்தது.