இரண்டாவது கொம்பு

ராயக்கோட்டை ரோட்டில்
செல்போன் கடைக்கு மேலே, மாடியில்
என் கடை.
பைக் நம்பர், மாங்கூழ் டப்பாவுக்கு லேபிள்,
தக்காளி வண்டிக்குக் குலசாமி பேர்,
பிறந்தநாள் குழந்தையின் முகம்,
எது கேட்டாலும் ஒட்டுகிற மாதிரி செய்து தருவேன்.

தை பிறந்தால் மாடுகள் வரும்.
மாடுகள் என்றால் போனில்.
விரிசல் விட்ட கண்ணாடிக்குள்
மூச்சிரைக்க நிற்கும்.

இந்த வருடம் சென்றாயனும் ஆறேழு பையன்களும்.
"இருபத்திரண்டு டீசர்ட் அக்கா, கறுப்பு.
முதுகுல படம், நெஞ்சுல பேரு.
ஞாயித்துக்கிழமை வேப்பனப்பள்ளியில விடுறாங்க."
பேர் என்ன?
"ஒத்தக்கொம்பன்."

படத்தைப் பார்த்தேன்.
இடது பக்கம் மொட்டை நுனி,
அதில் மஞ்சள் பூசியிருந்தது.
"கம்ப்யூட்டர்ல இன்னொன்னு வச்சிடுங்கக்கா,
கெத்தா இருக்கும்."
வைத்தேன்.
வலது கொம்பை நகலெடுத்துத் திருப்பினால் இடது.
நாலு நிமிடம். நூறு ரூபாய் கூட.

பேரை மஞ்சள் வினைலில் வெட்ட வேண்டும்,
கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டு.
அச்சடித்த படத்தைத் திருப்பக் கூடாது.
தொழிலுக்கு வந்த புதிதில் இதை மாற்றிச் செய்து
ஒரு கபடி அணி முழுவதையும்
கண்ணாடி முன்னால் நின்று
தன் பேரைப் படிக்க வைத்திருக்கிறேன்.

வெட்டி முடிந்ததும்
கொக்கி ஊசியால் வேண்டாததை உரிக்க வேண்டும்.
தமிழுக்கு இதில் தனிப் பாடு.
ஒத்தக்கொம்பனுக்கு நாலு புள்ளி.
இருபத்திரண்டு சட்டைக்கு எண்பத்தெட்டு.
ஒவ்வொன்றும் கடுகளவு,
கழிவோடு கழிவாக எழுந்து போகப் பார்க்கும்.
போன வருடம் ஒரே ஒரு புள்ளி போய்
'மண் லாரி சங்கம்' 'மண லாரி சங்கம்' ஆனது.
தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார்,
காசு கொடுக்கவில்லை.

இரவு பதினொன்றுக்கு, உதட்டைக் கடித்தபடி
கொ-வைச் சுற்றி உரிக்கும்போதுதான் கண்டேன்.
முன்னால் நிற்கிற சுழிக்குப் பேர்
ஒற்றைக்கொம்பு.
ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தது.
இரட்டைக்கொம்பு போட்டால்
கோம்பன்.
யார் வீட்டு மாடோ.

காலையில் பச்சையம்மா வந்தார்,
கையில் தவிட்டுப் பை.
மாடு அவருடையது.
தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
"இது யாருது?"
உங்களுதுதான்.
"இல்ல.
கொம்பு முறிஞ்ச அன்னிக்கு
ரத்தம் சொட்டச் சொட்ட வரப்புல நின்னான்.
கறிக்குக் கேட்டு மூணு பேரு வந்தாங்க.
குடுக்கல.
அடுத்த வருசம் அந்தப் பக்கமே தலையச் சாய்ச்சு ஓடி
பரிசு வாங்குனான்.
நீ ரெண்டு வச்சா
அதெல்லாம் எங்க போவும்?"

சென்றாயன் தன் செருப்பைப் பார்த்தான்.

தாள்கள் காய்ந்து கிடந்தன.
மறுபடி அடிக்கத் தாளும் இல்லை, மையும் இல்லை,
பத்து மணிக்கு மேல் கரண்ட்டும் இருக்காது.
கத்தரிக்கோல் இருந்தது.

காதோரம் வளைந்து, நெற்றிக்குப் போகாமல்,
மஞ்சள் நுனியில் நிறுத்த வேண்டும்.
பச்சையம்மா தவிட்டுப் பையை ஓரம் வைத்துவிட்டு
எதிரே உட்கார்ந்து ஏழு வெட்டினார்.
என்னைவிடச் சுத்தம்.
அவருக்கு அந்த இடம் தெரியும்.

நூற்றைம்பது டிகிரி, மேலே பட்டர் பேப்பர்,
இருபது விநாடி அழுத்தம்.
சூட்டில் ஒரு வாசம் வரும்,
புதுச் செருப்பும் இஸ்திரியும் கலந்தது.
நெஞ்சில் இருக்கிற பேரை ஆறவிட்டுத்தான் உரிக்க வேண்டும்.
அவசரப்பட்டால் பேர் கையோடு வந்துவிடும்.
பையன்கள் அவசரப்பட்டார்கள். அடித்தேன்,
விளையாட்டுக்கு.

கரண்ட் போக மூன்று நிமிடம் இருந்தது.
நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர்கள் இறங்கிப் போனபின்
மேசையில் இருபத்திரண்டு இடது கொம்புகள்.
எந்த மாட்டுக்கும் ஆகாதவை.
பிரஸ்ஸில் பட்டுப் பொசுங்கிய ஓட்டை ஒன்று
என் பருத்தித் துப்பட்டா ஓரத்தில்
ரொம்ப நாளாக இருந்தது.
மேல்தட்டில் இன்னும் சூடு மிச்சமிருந்தது.
ஒன்றை வைத்து அழுத்தினேன்.

பிடித்துக்கொண்டது.