முப்பது நொடிக்கு ஒரு பக்கம்

தூக்கத்தை முப்பது நொடிகளாக நறுக்கிப்
பக்கம் பக்கமாய்ப் பார்ப்பது என் வேலை.
ஓர் இரவுக்குத் தொள்ளாயிரத்து அறுபது பக்கம்.
இதுவரை யாரும் படித்து முடித்துவிட்டுக்
கதை புரிந்தது என்று சொன்னதில்லை.

இன்றைக்குத் தணிகாசலம்.
அயனாவரம் பணிமனை, பெரம்பூர் – பெசன்ட் நகர் வண்டி.
சிக்னலில் கண் சொருகுகிறதாம்.
பச்சை விழுந்து, பின்னால் ஆட்டோக்காரன் வைத பிறகுதான்
ஊர் திரும்பி வருகிறதாம்.
சொந்தத் தலையணையைக் கொண்டுவந்திருக்கிறார்,
உறையில் சொட்டு நீலத்தின் சாயல்.
"இத்தனை ஒயரோட எப்படிம்மா தூக்கம் வரும்?"
வரும் என்றேன்.
வாசலையே பார்த்திருக்கும்வரை வராது,
முகத்தைத் திருப்பியதும் உள்ளே வந்து
உட்கார்ந்திருக்கும், பூனை மாதிரி.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் ஃபிளாஸ்க்கும்.
பதினொன்று நாற்பதுக்கு முதல் கோடு தளர்ந்தது.
அப்புறம் குறட்டை. குறட்டைக்கு நடுவே
ஒன்றுமில்லை.
மூச்சு இல்லை. நானும் விடவில்லை.
இருபத்து நாலு, இருபத்தைந்து...
முங்கி எழுந்தவர் போல ஓர் இழுப்பு.
மணிக்கு நாற்பத்து மூன்று தடவை
இப்படிக் கரையேறுகிறார்.
காலையில் கேட்டால் நல்லா தூங்கினேன் என்பார்.

ஆழ்ந்த தூக்கத்தின் கோடுகளைப் பார்த்தால்
கடல் என்று எழுதத்தான் கை வருகிறது.
எழுதமாட்டேன். காசிமேட்டில் ஐந்து வருஷம் குடியிருந்தவள்,
கடலுக்கு ராத்திரி என்பதே கிடையாது.
இது வேறு.
தெருவுக்கே கரண்ட் போன பின்
மின்விசிறி தன் மிச்சத்தைச் சுற்றித் தீர்ப்பது.

மூன்று பத்துக்கு விழிகள் ஓடத் தொடங்கின.
மூடிய இமைக்குள் இடம், வலம், இடம்.
உடம்பு கட்டிப்போட்டது போல் கிடக்கவேண்டிய நேரம்.
கிடந்தது.
வலது பாதம் மட்டும் போர்வைக்குள் மிதித்தது.
விட்டது.
மறுபடி மிதித்தது.

எனக்குத் தெரியும் அந்த வழி, என் வீடும் அந்த வழிதான்.
ஓட்டேரி. டவுட்டன்.
புரசைவாக்கத்தில் நீண்ட மிதி,
ஜவுளிப் பைகளோடு வருபவர்கள் ஏறட்டும் என்று.
சேத்துப்பட்டில் நிற்காமலே போனார்.
ஜெமினிவரை எண்ணிக்கொண்டே வந்தேன்.
அதற்குமேல் ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம்,
தாடை ஒயர் ஒன்று கழன்று
உள்ளே போய் ஒட்டிவிட்டு வந்தேன்.
அறுநூற்றுச் சொச்சமாவது பக்கம்.
என் கணக்குச் சரியென்றால் அடையாறு பாலத்தின் நடுவில்,
நிறுத்தமே இல்லாத இடத்தில்
பாதம் அழுந்தி நின்றது. இருபது நொடி.
இதயம் நூற்றுப் பதினெட்டைத் தொட்டுத் திரும்பியது.
யாரோ ஏறினார்கள். அல்லது இறங்கினார்கள்.
யார் என்று எந்தக் கோட்டிலும் இல்லை.

ஆறு மணிக்கு ஒயர்களைப் பிரித்தேன்.
முடியெல்லாம் வெள்ளைவெள்ளையாய்ப் பசை.
மூன்று தடவை ஷாம்பூ போடுங்கள் என்றேன்.
படிவத்தின் கடைசிக் கேள்வி: கனவு கண்டீர்களா?
"கனவா? நமக்கெல்லாம் வராதும்மா. படுத்தா கட்டை."
இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
பாலத்தைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.
எப்படிக் கேட்பது,
டிக்கெட் எடுக்காமல் ஏறியவள் நான்.

ஏழு மணி வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது.
பக்கத்தில் டிபன் கேரியரை மடியில் வைத்தவர்
ஏற்கெனவே என் தோளுக்கு வந்துவிட்டிருந்தார்.
நான் எப்போது போனேன் என்று தெரியாது.
வண்டி சடாரென்று நின்றது.
நாய் என்றார்கள். நாய் இல்லை, ஆள் என்றார்கள்.
தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேரும்
ஒரே சமயத்தில் கண்ணைத் திறந்து,
ஒரே வீட்டில் பிடிபட்டவர்கள் மாதிரி
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
வெளியே எட்டிப் பார்த்தோம், எந்த இடம் என்று.
கீழே ஆறு கறுப்பாய், அசையாமல்.
கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி
ஊதாமல் நின்றிருந்தார்.