கரையைக் கடந்த பிறகு

கரையைக் கடந்துவிட்டது என்று
செய்தியில் அதோடு முடித்துக்கொண்டார்கள்.
அஞ்சுகம் எழுந்து போய்
கழிவறைத் தகரத்தின் மேல்
இன்னும் இரண்டு கல் வைத்துவிட்டு வந்தாள்.

போனில் அவள் அண்ணன் தேசிங்கு,
ஆற்காட்டுத்துறையிலிருந்து.
எங்களுக்கு முடிஞ்சுது புள்ள,
உங்க பக்கம் அனுப்பி வெச்சிருக்கோம்.
அவன் குரலுக்குப் பின்னால்
யாரோ வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.
கூரை இருக்கா என்று இவள் கேட்கவில்லை.
படகு இருக்கா என்றுதான் கேட்டாள்.
இருக்கு. வேற எடத்துல இருக்கு.

புதுக்கோட்டை, திண்டுக்கல் என்று
பஸ் மாறி மாறி வருகிறவனைப் போல
அது தாண்டிக்குடிக்கு ஏறி வரும்போது
பெயரைக் கீழேயே விட்டிருக்கும்.
தாழ்வுப் பகுதி என்பார்கள்.
பெயரில்லாத அதுதான் போன தடவை
அரை ஏக்கர் சௌசௌ பந்தலைப்
பாய் மாதிரி சுருட்டி
ஓடையில் வைத்தது.

பந்தல் பணத்தில்தான் சண்டை.
ஒட்டன்சத்திரம் கமிஷன் கடையில்
முன்பணம் ஒன்பதாயிரம்.
கம்பி வாங்கச் சொன்னாள்.
நான் பைக்குக்கு டயர் மாற்றினேன்.
மீதியைப் பற்றி இங்கே வேண்டாம்.
மூன்று நாளாய்
தட்டு வைக்கிற சத்தம்தான் எங்கள் பேச்சு.

திருப்பூரில் ஒரே கம்பெனி நாங்கள்.
நான் காஜா, அவள் பட்டன்.
மலையை அதுவரை
காலண்டரில்தான் பார்த்திருந்தாள்.
இங்கே வந்த முதல் ஐப்பசியில்
உப்பு ஜாடியைத் திறந்து
அப்படியே நின்றாள்.
உள்ளே தண்ணீர்.
எங்க ஊர்ல தண்ணிய உப்பாக்குறோம்,
நீங்க என்னய்யா
உப்பத் தண்ணியாக்குறீங்க.
ஒரு பிடி அரிசி போட்டு வை என்றேன்.
போட்டாள்.
அரிசியும் நமுத்தது.

ராத்திரி பத்தரைக்கு வந்தது.
முதலில் நாய் கட்டிலுக்கு அடியில் போனது.
அப்புறம் கரண்ட்.
அப்புறம் மேல் எஸ்டேட்டின் சில்வர் ஓக் மரங்கள்
லாரி ஏற்றம் ஏறுவது போல
ஒரே கியரில் உறும ஆரம்பித்தன.
எழுந்து உட்கார்ந்து காது கொடுத்தாள்.
இது வாடை.
ஒரு மணி நேரத்துல கச்சானாத் திரும்பும்.
சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.
என்னிடம் பேசியதாக
எடுத்துக்கொள்ள முடியாது.

டார்ச்சைத் தேடி எடுத்துப் பந்தலுக்குப் போனால்
முன்னமே அங்கே நிற்கிறாள்,
என் ரெயின்கோட்டில்.
மூலைக் கல்தூண்
ஆடும் பல்லைப் போல ஆடுகிறது.
பழைய கம்பியை நான் இழுக்க,
கை வழுக்க,
பிடி என்றாள்.
மூன்று நாளில் முதல் வார்த்தை.
பிடித்தேன்.
நைலான் கயிற்றில்
இரண்டு சுற்று, ஒரு நுழைப்பு,
பல்லால் ஓர் இழுப்பு.
அடுத்த தூண். அதற்கடுத்தது.
உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு
என்று மழைக்குள் கத்தினேன்.
முடிச்சு என்றாள்.

காற்று திரும்பியபோது
மணி பார்க்கவில்லை.
பார்த்திருந்தால்
ஒப்புக்கொள்ள வேண்டி வரும்.

விடிந்தபோது பாதிப் பந்தல் நின்றிருந்தது.
எந்தப் பாதி என்று
இரண்டு பேரும் சொல்லவில்லை.
அவள் டயர் அச்சு பதிந்த சேற்றைத் தாண்டி
சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று
அண்ணனிடம் கத்திக்கொண்டிருந்தாள்.
வந்துட்டுப் போயிடுச்சுண்ணே.
கேரளாப் பக்கம் எறங்கிருச்சு.
அந்தக் கடல்ல போயி விழுந்தா
திரும்பப் பேரு வெப்பாங்களாம்.
எதிர்முனையில் என்ன சொன்னானோ,
சிரித்தாள்.
பாறையிலிருந்து இறங்கும்போதும்
அந்தச் சிரிப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது.
எனக்கென்று இல்லை,
இருந்தாலும் பார்த்தேன்.

கீழே விழுந்த காய்களைச்
சாக்கில் பொறுக்கினோம்.
அடிபட்டது தனி, பிஞ்சு தனி.
கமிஷன் கடைக்குப் போன் போட்டு
இங்கே இப்படி ஆகிவிட்டது,
விலை ஏதும் ஏறுமா என்று கேட்டேன்.
கிலோ எட்டு ரூபாய்தானாம்.
ஒட்டன்சத்திரத்தில் வெயில் அடிக்கிறதாம்.