உயிரோடு

நாலு மணிக்கே இருட்டிவிடும் இந்த மாதத்தில்
சிவப்புக் குடை ஒன்றைத் தூக்கிப் பிடிப்பது என் பிழைப்பு.
மழைக்கு அல்ல,
பின்னால் வரும் இருபத்திரண்டு பேர்
பிராக் நகரில் தொலையாமலிருக்க.

மணிக்கூண்டின் கீழே நிறுத்துவேன்.
எலும்புக்கூடு கயிறிழுக்கும்.
சீடர்கள் சன்னலில் வந்து முகம் காட்டிப் போவார்கள்.
கடைசியில் பொன்சேவல்
சளி பிடித்த குரலில் கூவும்.
'இவ்வளவுதானா?' என்பார் யாராவது.
இவ்வளவுதான்.
நூற்றாண்டுகளாக இவ்வளவுதான்.

சதுக்கத்தில் வானளவு தேவதாரு,
கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் மிதக்கும் சுடு ஒயின்,
சர்க்கரை மீசையோடு குழந்தைகள்.
வாய் பழகிய வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்.
பூட்சுக்குள் என் கால்விரல்கள்
எனக்கு ஏசிக்கொண்டிருக்கும்.

தெருமுனையில் நீலத் தொட்டிகள்.
கெண்டை மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப்
புரண்டு படுத்திருந்தன.
'கிறிஸ்துமஸ் இரவில் இதுதான் எங்கள் விருந்து.
ஒரு செதிலைப் பணப்பையில் வைத்தால்
ஆண்டு முழுக்கக் காசு தங்கும்' என்றேன்.
ரப்பர் அங்கி ராதொவான்,
வெந்த பீட்ரூட் நிறக் கைகளோடு,
எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்பான்:
கொல்லவா, உயிரோடா?

மூன்று நாளாக ஒரு கேள்வியும் கேட்காத
போர்த்தோ நகரத்து அபீலியு
கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார்.
அந்தச் சொல்லை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு
அவரே அவனிடம் சொன்னார்:
'உயிரோடு.'

பிறகு பாலத்தில் யாரும் சிலைகளைப் பார்க்கவில்லை.
முப்பது புனிதர்கள் தலையில் பனியோடு காத்திருக்க,
எல்லாக் கேமராவும்
ஒரு பிளாஸ்டிக் பையின் மேல்.
'ஆற்றில் விடுங்கள், விடுங்கள்!'
முதலில் ஒருவர், பிறகு எல்லோரும்.
வல்டாவா கீழே கருப்பாக ஓடியது.

எத்தனையோ ஆண்டு நானும் சொல்லியிருக்கிறேன்,
நீந்திப் போய்விடும் என்று.
அன்று ஏனோ நாக்கு புரளவில்லை.
'பண்ணைக் குளத்து மீன் இது.
இந்தக் குளிரில் செத்துவிடும்.'

அந்த ஒரு வாக்கியத்தைத்தான்
பயணம் முழுவதிலும் அவர்கள்
முழுதாகக் கேட்டார்கள் என நினைக்கிறேன்.

அறை முந்நூற்றுப் பதினான்கின் குளியல் தொட்டியில்
மூன்று நாள் இருந்தது மீன்.
அபீலியு குளிக்கவில்லை.
துப்புரவுக்கு வந்த ஹால்யா
கதவைத் திறந்தாள், பார்த்தாள்,
யாரிடமும் மூச்சுவிடாமல்
தினமும் மதியம் தண்ணீர் மாற்றிவிட்டுப் போனாள்.
இருபத்துநாலாம் தேதி அவர் விமானமேறிவிட,
வரவேற்பு மேசையில் ஒரு வாளி.
வாளியின் மேல் என் பெயர்.
எழுத்துப் பிழையோடு.

மடியில் வாளியோடு டிராமில் உட்கார்ந்தேன்.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
எதிர் இருக்கைக்காரர் மடியிலும் ஒரு வாளி.
வளைவுகளில் இரண்டும் ஒன்றாகத் தளும்பின.

கத்தியைத் தீட்டிவைத்திருந்தேன், உண்மைதான்.
ஆனால் நான் பூட்ஸ் கழற்றுவதற்குள்
மகன் மத்தோஷ் அதற்குப் பெயர் வைத்துவிட்டான்.
பெயர் விழுந்த பிறகு என்ன செய்வது?
உருளைக்கிழங்கு சாலட், பொரித்த பாலாடைக்கட்டி.
எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென
வழக்கமாய் வைக்கும் கூடுதல் தட்டு
வழக்கம்போல் காலியாக.
விருந்தாளியோ குளியலறையில்
வாலால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்.

விற்றதைத் திரும்ப வாங்குவதில்லை என்றான் ராதொவான்.
ஜனவரியில், திட்டிக்கொண்டே,
தெற்கே தன் மாமனார் குளத்துக்கு எடுத்துப் போனான்.

தொட்டியைத் தேய்க்கையில் கிடைத்தது,
வடிகால் ஓரம் ஒட்டியபடி,
நகமளவு ஒரு செதில்.
வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே
மரத்துக்கு இருப்பதுபோல் வளையங்கள்.
நியாயப்படி அது அபீலியுவுக்குச் சேர வேண்டியது.
உறை வாங்கினேன்.
முகவரியும் எழுதிவிட்டேன்.

மார்ச் வந்துவிட்டது.
செதில் இன்னும் என் பணப்பையில்தான்.
காசொன்றும் தங்கக் காணோம்.
நாளைக்கு அனுப்பிவிடுவேன்.