கிட்டிய ஆயிரம்

ஜெலுத்தோங், பதினோராவது மாடி, இரவு பத்தே கால்.
முப்பத்தெட்டு நோட்டுகளில் இருபத்தொன்பதாவது
குகநேசனுடையது. படிவம் ஒன்று மெலாத்தி.
அட்டையில் மைலோ குவளை வைத்த வட்டம்.

கேள்வி இதுதான்: 1,448.
கிட்டிய ஆயிரத்துக்கு மாற்றுக.

மலாய்ப் பாடநூல் எண்ணை உருட்டச் சொல்கிறது.
தமிழ்ப்பள்ளியில் எங்களுக்குக் கிட்டிய என்றார்கள்,
கிட்டிய பத்து, கிட்டிய நூறு.
உருட்டு என்றதும் எனக்குப் புரட்டும் சேர்ந்தே காதில் விழும்.
அதனால் மலாயில் பாடம் நடத்திக்கொண்டு
மனதுக்குள் கிட்டப் போகிறேன்.

குகநேசன் ஒரே தாவலில் போகவில்லை.
படியேறியிருக்கிறான்.
எட்டு, ஐந்துக்கு மேல். ஆகவே 1,450.
ஐந்து வந்தால் மேலே. ஆகவே 1,500.
மறுபடி ஐந்து, மறுபடி மேலே:
2,000.
அடியில் இரண்டு கோடு, ஸ்கேல் வைத்து.

சிவப்புப் பேனா முதல் வரியில் நின்றது. சரி.
இரண்டாவது வரி, சரி.
மூன்றாவதும் சரிதான்.
விடை தப்பு.
எங்கே போடுவது இந்தப் பிழைக்குறியை?

கேள்வியை எழுதியவள் நான்.
அந்த எண் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

போன அக்டோபரில் மைவியின் கியர் பெட்டி போனது.
பட்டறைக்கார ஆ செங் நீட்டிய பில்
ஆயிரத்து நானூற்று நாற்பத்தெட்டு வெள்ளி.
அண்ணன் மறுபேச்சில்லாமல் கணக்கில் போட்டுவிட்டான்.
அண்ணியிடம் சொன்னது ஆயிரத்து நானூற்றைம்பது.
அண்ணி, பிறையில் இருக்கும் அத்தையிடம், ஆயிரத்தைந்நூறு.
பட்டர்வொர்த் மண்டபத்தில், கையில் தட்டோடு
சாப்பாட்டு வரிசையில் நின்ற என் முதுகுக்குப் பின்னால்:
"அண்ணன்கிட்ட ரெண்டாயிரம் வாங்கி வெச்சிருக்கா."

யார் மேல் கோபப்படுவது?
நாற்பத்தெட்டை ஐம்பது என்பவன் பொய்யனா?
அவரவர் கைக்கு வந்த எண்ணை
அவரவர் விதிப்படி அடுத்த கையில் கொடுத்தார்கள்.
ஒருவரும் திரும்பி நடந்து வந்து
பில்லைப் பார்க்கவில்லை.

பேரங்காடியில் இரண்டு காசைக் கூட்டினாலும் குறைத்தாலும்
சரிக்கட்டல் என்று தனி வரியில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.
சொந்தபந்தத்தில் அந்த வரி கிடையாது.

ஐந்து ஏன் டீச்சர் மேலே போகணும் என்று
கேட்டவனும் இவன்தான், போன வாரம்,
காற்றாடிச் சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றி.
இந்தப் பக்கமும் அஞ்சு, அந்தப் பக்கமும் அஞ்சு,
சமமாத்தானே இருக்கு?
யாரோ முடிவு பண்ணி வைத்தார்கள், அவ்வளவுதான் என்றேன்.
அந்தப் பதில் அவன் முகத்தில் உட்காரவில்லை.
எனக்கும்தான்.

2,000-இலிருந்து ஓர் அம்பு வரைந்தேன்,
சரியான மூன்று வரிகளுக்கும் குறுக்கே,
பக்கத்தின் உச்சியில் இருக்கும் 1,448 வரைக்கும்.
ஓரத்தில் எழுதினேன்: இவரைக் கேட்டாயா?

இரண்டு மதிப்பெண்ணில் அரை தரலாம் போலிருந்தது.
அரையை யாரும் அரையாக விட்டுவைப்பதில்லை,
மேலே தள்ளிவிடுவார்கள்.
நானே தள்ளி ஒன்று போட்டேன்.

நாளை சம்பளம்.
இருநூறு இருநூறாக ஆறு மாதம் போக
மீதி இருநூற்று நாற்பத்தெட்டு.
இருநூறு போதும், விடு என்பான் அண்ணன்.
கணக்குப்படி அவன் சொல்வதும் சரி.
நாற்பத்தெட்டையும் அனுப்புவேன்.
குறிப்பாக அந்த எட்டை.

முப்பதாவது நோட்டு, கவிஷா.
1,000 என்று மட்டும் இருக்கிறது.
வழி காட்டவில்லை, ஒரு கோடுகூட இல்லை.
சரி போட்டுவிட்டு
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.